ஒரு மயிரிழை பாக்கி

“அதுல கை வைக்காதீங்க!”

விடிந்ததிலிருந்து அவள் வாய் திறந்து பேசிய முதல் பேச்சு அது. அதுவும் கத்தலாக வந்து விழுந்தது. கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்களும் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலோர மேசையிலிருந்த வாத்தியத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கப் போன நாத்தனார் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“இடம் பண்ணலாம்னுதாம்மா பார்த்தேன். வர்றவங்க உட்கார வேணாமா?”

“உட்காரட்டும்க்கா. அது அங்கேயே இருக்கட்டும்.”

நாத்தனார் நகர்ந்தாள். தம்பியை நடுக்கூடத்தில் கிடத்தியிருக்கிற நேரத்தில் ஒரு மரச்சாமானுக்காக இவள் இப்படிக் கத்துகிறாளே என்று மனசுக்குள் நினைத்திருப்பாள். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். அந்த மரச்சாமானின் மேல் நரம்பில் ஒரு சுருதி நின்றுகொண்டிருந்தது. யாராவது லேசாக இடித்தாலும் சர்ரென்று இறங்கிவிடும். அதை அங்கே ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்த ஒரு மாதம் பிடித்திருந்தது. இன்னும் ஒரு மயிரிழைதான் பாக்கி. அதைத்தான் நேற்றுக் காலை அவர் கேட்டார். இவள் “நாளைக்கு” என்று சொல்லிவிட்டாள்.

விடிகாலையில் மூச்சு நின்றுவிட்டது. மகன் ஊரிலிருந்து வந்து சேரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். அதுவரை அவர் இப்படியே படுத்திருக்க வேண்டும். அவருக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை, காத்திருப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆட்டுக்குடலில் திரித்த ஒரு குடல் நரம்பு வந்து சேர்வதற்காக வருஷக்கணக்கில் காத்திருந்த மனுஷன். நைலானில் கட்டித்தான் தொலையுங்களேன் என்று இவள் கேட்டதற்கு, பொய்ப்பல் கட்டிக்கொண்டு பாடச் சொல்கிறாயே என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தார்.

அருங்காட்சியகத்தில் பழைய வாத்தியங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. அவற்றுக்கு எத்தனை நீளத்தில் நரம்பு கட்டினார்கள், எவ்வளவு தடிமனில் கட்டினார்கள், எந்தச் சுருதிக்கு ஏற்றினார்கள் என்று கண்டுபிடிக்கிற வேலை. நரம்புகள் எந்தக் காலத்திலோ மக்கிப் போயிருக்கும். மிஞ்சியது மரமும், மரத்தில் விழுந்த தழும்புகளும்தான். “செத்தவன் எலும்பைப் பார்த்து அவன் குரல் எப்படி இருந்துச்சுன்னு சொல்ற வேலைம்மா இது” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். அப்போதெல்லாம் இவளும் கூடச் சிரித்தாள்.

அவளை அவர் முதலில் பார்த்ததே அந்த அருங்காட்சியகத்தின் டிக்கெட் ஜன்னலில்தான். “உங்க கையைக் கொஞ்சம் காட்டறீங்களா?” என்று கேட்டார். கைரேகை பார்க்கிறவன் என்ற சாக்கில் வழிய வந்திருக்கிறான் என்று நினைத்து, திட்டுவதற்கு வாயெடுத்தாள். அதற்குள் ஆள் பையிலிருந்து ஸ்கேலை எடுத்துவிட்டார். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை அளந்தார். “சரியா ஒரு சாண்” என்றார். பரவசம் அவர் முகத்தில் அப்படி வழிந்தது. எவளாக இருந்தாலும் ஏமாந்துதான் போயிருப்பாள்.

மாடியில் ஒரு பழைய ஓவியம் இருந்தது. அதில் ஒரு பெண் மடியில் வாத்தியத்தை வைத்து மீட்டிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் ஒருவர் குழல் ஊதிக்கொண்டிருப்பார். அந்தக் குழலும் அதே மாதிரியான வாத்தியமும் ஒரே பெட்டிக்குள் கிடைத்து, கீழே கண்ணாடிக்குள் இருந்தன. ஓவியத்தில் நரம்பின் நீளம் அந்தப் பெண்ணின் கையால் மூன்று சாண். அவள் சாண் எவ்வளவு என்று தெரிந்தால் நரம்பின் நீளம் தெரிந்துவிடும். அவளைத் தேடிப் போய் அளக்க முடியாதே. அதனால் டிக்கெட் கொடுக்கிறவளை அளந்தார், அப்புறம் கட்டிக்கொண்டார்.

கல்யாணமான புதிதில் அவர் அந்த ஓவியத்தின் முன்னால் மணிக்கணக்கில் நிற்பதைப் பார்த்து, அந்தப் பெண்ணுக்குச் சக்களத்தி என்று பேர் வைத்துவிட்டாள். “சாப்பிட வரீங்களா, இல்ல சக்களத்தி வீட்டுலேயே முடிச்சுக்கறீங்களா?” என்று போன் பண்ணுவாள். அவர் சளைக்காமல், “அவ ஒண்ணும் போட மாட்டேங்கறாம்மா, வந்துடறேன்” என்பார்.

தாடிக்காரர்தான் இந்தக் கதைக்கு வில்லன். அதே அருங்காட்சியகம், பக்கத்து மேசை, குழல்களைப் பார்த்துக்கொள்கிறவர். இரண்டு பேரும் கீரியும் பாம்பும். அந்தப் பழைய வாத்தியத்தின் மேல்பலகையில், நரம்பைத் தாங்குகிற குதிரை ஒட்டியிருந்த பசைத் தழும்பு இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று சற்று மேலே, ஒன்று நன்றாகக் கீழே. யாரோ நடுவில் குதிரையை இடம் மாற்றியிருக்கிறார்கள். எது முதல்? கீழ்த் தழும்புதான் என்றார் தாடிக்காரர். மூன்று சாண் அங்கேதான் முடிகிறது, மேல் தழும்புதான் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தச் சண்டை சாப்பாட்டு மேசைக்கே வரும். பரிமாறிப் பரிமாறியே அவளுக்கு எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. குடல் நரம்பை மெல்லிசாகத் திரித்தாலும் தடிமனாகத் திரித்தாலும் அறுவது ஏறத்தாழ ஒரே சுருதியில்தான். நீளம்தான் கணக்கு. நீளத்தைக் கூட்டினால் சீக்கிரம் அறும். கீழ்த் தழும்பில் குதிரையை வைத்தால் நீளம் கூடி, மேல் நரம்பு அந்தக் குழலின் சுருதியைத் தொடுவதற்கு முன்னாலேயே அறுந்துபோகும். ஓவியத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கிறார்களே, அது எப்படி?

“ஓவியக்காரன் கண்டானா சுருதியை? அழகுக்குப் பக்கத்துல உட்கார வச்சிருப்பான்” என்பார் தாடிக்காரர்.

“மூணு சாண்னு தெளிவா வரைஞ்சிருக்கானே?”

“யாரோட சாண்?”

“என் பொண்டாட்டி சாண்.”

“அண்ணி, நீங்களே சொல்லுங்க. ஆராய்ச்சி பண்றவன் எவனாவது பெண்டாட்டி கையை வச்சு அளப்பானா?”

“வேற எவ கை எனக்குத் தெரியும்?” என்பார் இவர். தாடிக்காரர் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்.

அந்தக் காலத்து வாசிப்புக் குறிப்பு ஒன்றில், மேல் நரம்பை அறுந்துபோகாத மட்டும் ஏற்று என்று எழுதியிருந்ததாம். அதைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். “அறுந்துபோகாத மட்டும்னா? அறுந்த பிறகுதானேங்க அது தெரியும்?” கடைசியில், மேல் தழும்பு இருந்த இடத்திலேயே குதிரையை வைத்து, அச்சு அசலாக ஒரு வாத்தியத்தைத் தானே செய்தார். குடல் நரம்பு கட்டினார். குழல் சுருதிவரை ஏறி நின்றால் அவர் சொன்னது சரி. அறுந்தால் தாடிக்காரர் சொன்னது சரி.

நரம்பு கட்டிய மறுவாரம் படுக்கையில் விழுந்தார். விரல் நடுங்கியது. நரம்பு முறுக்குகிற பிரடையைப் பிடிக்க முடியவில்லை. “நீ திருப்பும்மா” என்றார். வாத்தியத்தைத் துடைக்கக்கூட விடாத மனுஷன்! குடல் நரம்பு பொல்லாதது, ராத்திரி ஏற்றியது காலையில் இறங்கியிருக்கும். தினம் காலையில் காபி கொடுத்துவிட்டு, இறங்கினதை ஏற்றி, அதற்கு மேல் ஒரு துளி ஏற்ற வேண்டும். அவர் கண்ணை மூடிக் கேட்பார். போதும் என்றால் ஆட்காட்டி விரலை உயர்த்துவார். “திருப்பினா மட்டும் பத்தாது. உள்ளே அழுத்திப் பிடிச்சுக்கோ. உடனே விட்டா எறங்கிடும்.” கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான். அந்த மாதம் நோய் வீடு மாதிரியே இல்லை. அவள் காலையில் சீக்கிரமே எழுந்துவிடுவாள்.

நேற்று அவர், “இன்னைக்குத் தொட்டுடலாம். ஒரு மயிரிழைதான்” என்றார். அவள் நரம்பைப் பார்த்தாள். பிரடைக்குப் பக்கத்தில் பிசிறு ஒன்று கிளம்பியிருந்தது. அறுந்தால் இந்த மனுஷனின் வாழ்நாள் வேலையும் கூடவே அறும். அதைப் படுக்கையில் கிடந்து பார்க்க வேண்டுமா?

“நாளைக்குப் பார்த்துக்கலாங்க.”

சண்டை வரும் என்று தயாராகத்தான் இருந்தாள். “சரி, நாளைக்கு” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எதற்கும் சரி என்று சொல்லாதவர் இதற்கு மட்டும் ஏன் சொன்னார்? ஒரு வார்த்தை சண்டை போட்டிருக்கலாமே, பாவி மனுஷன்.

இப்போது அவள் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரும் பார்க்காதபோது நரம்பின் மேல் தொடாமல் கையை விரித்து வைத்துப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. சுண்டுவிரல் குதிரையில் போய் முட்டியது.

வெயில் தணிந்த பிறகுதான் தாடிக்காரர் வந்தார். தாடியைச் சீவாமல் வந்திருந்தார். கிடத்தியிருந்தவரின் தலைமாட்டில் போய் நின்றார். எதிர்த்துப் பேச ஆளில்லாமல் அவருக்குப் பேச்சு வரவில்லை. பிறகு மேசையைப் பார்த்தார், கிட்டே வந்தார்.

“எவ்வளவு தூரம் வந்திருக்கு, அண்ணி?”

“ஒரு மயிரிழை பாக்கி, தம்பி. குழல் கொண்டு வந்திருக்கீங்களா?”

அந்தப் பழைய குழலின் நகல் ஒன்று எப்போதும் அவர் தோள்பையில் இருக்கும். அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “வேணாம் அண்ணி.”

“ஏன்?”

“அறுந்துட்டா நான் ஜெயிச்சதா ஆயிடும். இன்னைக்கு நான் ஜெயிக்க விரும்பல.”

சொல்லிவிட்டுப் பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டார்.

“அறுந்தா அறுந்துட்டுப் போகுது” என்றாள் அவள். “நாளைக்குன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். அந்த நாளைக்கு இன்னைக்குத்தானே, தம்பி? எடுங்க.”

“சாவு வீட்டுல என்னம்மா இது?” என்று நாத்தனார் எழுந்து வந்தாள். இவள் முகத்தைப் பார்த்தாள். “என்னவோ பண்ணு” என்று தன் தம்பியின் கால்மாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தாடிக்காரர் குழலை எடுத்தார். முதல் மூச்சு வெறும் காற்றாகப் போனது. இரண்டாவது மூச்சில் சுருதி வந்தது. கூடத்தில் பேச்சு அடங்கியது. அவள் வலது கையால் நரம்பை மீட்டி, இடது கையால் பிரடையைத் திருப்பினாள். சுருதி இன்னும் சேராததால் குழலுக்கும் நரம்புக்கும் நடுவே ஒரு நடுக்கம் அலை அலையாக அடித்தது. இன்னும் துளி திருப்பினாள். அலை மெதுவானது. பிசிறு நிமிர்ந்து நின்றது. நரம்பு முனகியது.

பழக்கத்தில் அவள் திரும்பி, அவருடைய விரலைப் பார்த்தாள்.

கைகள் நெஞ்சின் மேல் கோத்து வைக்கப்பட்டிருந்தன. போதும் என்று யார் சொல்வது? “போதுமா தம்பி?” என்றாள். வாயில் குழலோடு அவர் எப்படிப் பதில் சொல்வார்? கண்ணீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, ஊதுவதை மட்டும் நிறுத்தவில்லை. அவளுக்கு அவர் வேண்டும் போலிருந்தது. ஒரு நிமிஷம், அந்த ஒரு விரல் போதும். கண்ணை மூடிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

அலை நின்றது.

குழலும் நரம்பும் ஒரே குரலாயின. அவள் மறுபடி மீட்டினாள், மறுபடியும். நரம்பு அறவில்லை. மெல்லிய குரல், கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரி, கிட்டே வந்தால்தான் கேட்கிற மாதிரி. இதைத்தான் இத்தனை வருஷம் மரத்தழும்பைத் தடவித் தடவித் தேடினாரா? நேற்றே இது இங்கே இருந்தது. ஒரு மயிரிழை தள்ளி இருந்தது.

மூச்சு தீர்ந்து தாடிக்காரர் குழலை இறக்கினார். “அவன் சாண்தான்” என்றார் யாரிடமோ. பிறகு திருத்திக்கொண்டார். “உங்க சாண்தான் அண்ணி.”

வாசலில் கார் வந்து நின்றது. மகன் பையை வெளியிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தான். அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டு, வெகுநேரம் கழித்து எழுந்து, அம்மாவைத் தேடினான். அதற்குள் தூக்கிப் போகிற வண்டியும் வந்துவிட்டது. அதோடு வந்தவர்கள் வாசலில் நின்றார்கள்.

“அம்மா, வாங்கம்மா. நேரமாயிடுச்சுன்னு சொல்றாங்க.”

“வரேன்” என்றாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. அவள் இடது கை பிரடையை உள்ளே அழுத்திப் பிடித்தபடி இருந்தது. விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன.

மகன் அவள் மணிக்கட்டைத் தொட்டான். “விடுங்கம்மா.”

“கொஞ்சம் இருடா. விட்டா எறங்கிடும்.”

நாத்தனார் கால்மாட்டிலிருந்தே வாசலைப் பார்த்து, வந்தவர்களைப் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினாள்.