பூஜ்யத்தில் தொடங்காத ஓட்டு எண்ணிக்கை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பழைய கணக்குப் பெட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சில், வரி வசூலித்த அப்பா கூட்டிக் கூட்டிக் களைப்பதைப் பார்த்த மகன் ஒரு பல்சக்கரப் பெட்டியை...’

இந்த இடத்தில் எனக்கே கொட்டாவி வந்தது. அதனால் திண்டுக்கல் பக்கத்து வடமதுரை பிராங்க்ளின் சாரை உள்ளே இழுத்துப் போட்டேன்.

2

பிராங்க்ளின் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துபவர். (முதல் பிரதியில் பூட்டுக்கடைக்காரர். திண்டுக்கல் என்றாலே பூட்டா என்று அடித்துவிட்டேன்.) அந்தப் பிரெஞ்சுப் பெட்டியைப் போலவே தகரத்தில் ஒன்று செய்து வைத்திருந்தார். யாராவது அதை நிஜ வேலைக்குக் கூப்பிட மாட்டார்களா என்று மனுஷன் ஏங்கிக் கிடந்தார்.

பூ விவசாயிகள் சங்கத்தில் கூப்பிட்டார்கள். தலைவர் பதவிக்கு நாகஜோதியும் பொன்னழகும் போட்டி. ஒரு சீட்டுக்கு ஒரு பல் தள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை.

முதலில் நாகஜோதியின் சீட்டுகள். பெட்டிக்குப் பொட்டு வைத்த பொருளாளர் சண்முகவள்ளி, சக்கரத்தில் பூஜ்யத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

“நல்ல காரியத்த சைபர்லயா ஆரம்பிக்கிறது? வெளங்குமா சார்?”

சொன்ன கையோடு ஒரு பல் தள்ளியும்விட்டார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்தச் சக்கரங்கள் முன்பக்கமாக மட்டும்தான் சுற்றும். (பிரான்சில் செய்ததும் அப்படித்தான்.) பூஜ்யத்துக்குத் திரும்ப எல்லாவற்றையும் முழுச்சுற்று சுற்ற வேண்டும். ஆரம்பத்திலேயே ரிப்பேரா என்று சிரிப்பார்களே! ஒன்றுதானே, போகட்டும் என்று பிராங்க்ளின் விட்டுவிட்டார். பொன்னழகின் சீட்டுகளுக்கு முன், டீ குடிக்கும் நேரத்தில், ஒழுங்காகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். இந்தத் தடவை யாரும் பொட்டு வைக்கவில்லை.

நாகஜோதி ஒரு ஓட்டில் ஜெயித்தார்.

(சரியான கணக்குப்படி இருவரும் சமம். இது பிராங்க்ளினுக்கும் எனக்கும் இப்போது உங்களுக்கும் மட்டும் தெரியும்.)

3

நாகஜோதி கழுத்தில் சம்பங்கி மாலை விழுந்தது. “மிஷினு பொய் சொல்லுமா?” என்று ஊரே பெட்டியைத் தடவிப் பார்த்தது.

முடிவு அ: பிராங்க்ளின் மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்— (அந்தத் தைரியம் இருந்தால் அப்போதே சக்கரத்தைச் சுற்றியிருப்பார்.)

முடிவு ஆ: வாயை மூடிக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். (இப்படித்தான் முடித்திருந்தேன். பொன்னழகு வந்து கெடுத்தார்.)

“ஒத்த ஓட்டு சார். வேற யாரு? எம் பொண்டாட்டி மாயம்மாதான். அவளும் நாகஜோதியும் அம்புட்டு ஒட்டான சிநேகிதிக. ஒனக்குத்தாய்யா போட்டேன்னு சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்றா, பாவி! இன்னைக்கு அவள அவுக அப்பன் வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் மறுவேல.”

பிராங்க்ளின் வாயைத் திறந்தார். அந்த வாயில் எந்த வார்த்தையை வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. நீங்களே வைத்துவிடுங்கள். ஆனால் சீக்கிரம். பொன்னழகு வண்டி ஸ்டாண்டை எடுத்துவிட்டார்.