நடுவீட்டில் கடப்பாறை

பாண்டிச்செல்வி கல்யாண போட்டோவைத் துடைக்கலாம் என்று ஆணியிலிருந்து கழற்றினாள். கண்ணாடியும் சட்டமும் கையோடு வந்தன. பின்னால் இருந்த அட்டை வரவில்லை. அது சுவரிலேயே ஈர மண்ணாக அப்பிக் கிடந்தது. போட்டோவைத் திருப்பிப் பார்த்தால் முனியராஜின் தலையைக் காணோம். கழுத்துக்குக் கீழே மாலையும் பட்டுவேட்டியும் மட்டும் மிச்சம் இருந்தன. மண்ணைச் சுரண்டியதும் உள்ளே வெள்ளை வெள்ளையாக ஊர்ந்தது.

விஸ்வநத்தம் பக்கம் கரையானைச் செல் என்றுதான் சொல்வார்கள். செல் விழுந்த வீடு சீக்கு விழுந்த உடம்பு மாதிரி என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இது பழைய வீடு இல்லை. கட்டி ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. முனியராஜ் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றியும், அவள் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டியும் கட்டிய வீடு. வாசல் நிலையும் கதவும் வேப்பமரம். "வேம்புல செல் அண்டாது தாயி. அண்டுச்சுன்னா நான் ஆசாரியே இல்ல" என்று அன்றைக்குச் சொன்ன ஆசாரி இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருந்தார். அவரை எங்கே போய்க் கேட்பது?

அந்த ஆவணியில் சாயங்காலம் தோறும் மழை கொட்டியது. பகலில் வெயில், பொழுது சாய்ந்தால் மழை, வீடு முழுக்கப் புழுக்கம். செல்லுக்கு அது கல்யாணச் சாப்பாடு. சுவரோரமாக விரல் மொத்தத்தில் மண் கோடு ஏறும். காலையில் துடைப்பத்தால் தட்டி விட்டால் மறுநாள் அதே இடத்தில் அதே கோடு நிற்கும். அவளை வேண்டுமென்றே சீண்டுகிற மாதிரி இருக்கும்.

தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மண்ணெண்ணெய் ஊற்றினாள். சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினாள். பெருங்காயத்தைக் கரைத்துத் தெளித்தாள். வீடு ரசம் வைத்த மாதிரி மணத்ததுதான் மிச்சம். முனியராஜ் லாரி டிரைவரிடம் கேட்டுக் கழிவு ஆயில் ஒரு கேன் கொண்டுவந்து நிலையெல்லாம் அடித்தான். வெள்ளையடித்த சுவர் கருகருவென்று ஆனது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் சினேகாவின் பள்ளிக்கூடச் சட்டையில் கறை ஏறியது. செல் ஆயில் இல்லாத இடமாகப் பார்த்து வளைந்து போய் மேலே ஏறிக்கொண்டது.

போட்டோ போனது கூடப் போகட்டும். அவளுக்குப் பெரிய கவலை பேப்பர்தான். கம்பெனியிலிருந்து பேப்பர் கட்டு வரும். அதை அளவாக வெட்டி, பசை தடவி, கம்பியில் சுற்றி உருட்டிக் காயவைத்துக் கொடுத்தால் அங்கே கொண்டுபோய் வெடிமருந்து அடைப்பார்கள். பேப்பரும் மாவுப் பசையும் ஒன்றாக இருக்கிற இடத்தைச் செல் விடுமா? ஒருநாள், உருட்டி அடுக்கிய சாக்கை அய்யாதுரை தூக்கினான். கம்பெனிக்காக வீடு வீடாகப் பேப்பர் போட்டுக் குழாய் எடுத்துப் போகிறவன் அவன். சாக்கின் அடி அப்படியே கொட்டிவிட்டது. குழாய்கள் சல்லடையாக இருந்தன.

அய்யாதுரை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். "அக்கா, இத நான் கொண்டுபோனா என்னைய ஏசுவாக. சீசன் நேரம். ஒங்க வீட்டு ஈரம் வடியட்டும், பெறகு பேப்பர் போடுறேன்."

"ஈரம் இல்லப்பா, செல்லு."

"அதான் இன்னும் மோசம். நம்ம சாக்கோட சாக்கா கம்பெனிக்கு வந்துருச்சுன்னா?"

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டான். எதிர்வீட்டில் இறங்கிய பேப்பர் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு பாண்டிச்செல்வி வாசலிலேயே நின்றாள்.

அதன் பிறகுதான் சிவகாசியிலிருந்து செல்லுக்கு மருந்து அடிக்கிற ஜெயச்சந்திரனைக் கூப்பிட்டாள். அவன் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, முதுகில் பம்போடு வந்தான். சுவரும் தரையும் சேருகிற இடத்தில் வரிசையாகத் துளை போட்டு, பால் மாதிரி ஒரு மருந்தை ஊற்றி அடைத்தான். தலைவலி வருகிற அளவுக்கு வாடை. வேலை முடிந்து கையைக் கழுவும்போது பக்கத்துச் சந்துக்குள் எட்டிப் பார்த்தான்.

"அங்கன ஒரு புத்து இருக்கு பாருங்க. அதான் தாய் வீடு. அத வெட்டி மருந்து ஊத்தாம நான் இங்கன எம்புட்டு ஊத்துனாலும் திரும்ப வரும்."

அவன் சொன்னது அவளுக்கும் சரியென்றே பட்டது. ஆனால் அந்தப் புற்று குருவம்மாளுடையது.

குருவம்மாள் முனியராஜின் அண்ணன் ஊர்க்காவலன் பெண்டாட்டி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்துதான். சந்தின் கோடியில், அவர்கள் பக்கத்தில், இடுப்பு உயரத்துக்குப் புற்று. மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்த பிறகு குருவம்மாள் அந்தப் புற்றில் மஞ்சள் தடவி, தொட்டில் கட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் பால் ஊற்றினாள். அப்புறம்தான் முத்துப்பாண்டி பிறந்தான். அவனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. அவள் பால் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

பாண்டிச்செல்வி தன்மையாகத்தான் ஆரம்பித்தாள். "அக்கா, மருந்துக்காரரு புத்துலருந்துதான் வருதுங்காரு."

குருவம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை. "அதுக்கு?"

"ஒரு ஓரமா தொளை போட்டு மருந்து மட்டும் ஊத்திக்கிடுதேன். இடிக்க வேண்டாம்."

"ஆத்தா வாயில வெசத்த ஊத்துறேங்குற."

"ஆத்தா எதுக்குக்கா என் வீட்டுக் கதவத் திங்குறா?"

முறம் நின்றது. "செல்வி, பேச்ச அளந்து பேசு. போன வாரம் மழை விட்டதும் ஈசல் கெளம்புச்சே, எங்கருந்து கெளம்புச்சு? ஒன் வீட்டு வாசப்படிலருந்து. நான் இந்தா இங்கன ஒக்காந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எம் புத்துலருந்து ஒரு ஈசல் பறக்கல. ஒன் வீட்டுல என்ன கெடக்குன்னு மொதல்ல பாரு."

"என் வீட்டுல என்னக்கா கெடக்கு? சிமெண்டுத் தரைதான் கெடக்கு."

பேச்சு வளர்ந்து, வீடு கட்டும்போது யார் யாருக்குத் தண்ணீர் சுமந்தார்கள் என்பது வரைக்கும் போனது. இடையில் முனியராஜ் வேலை முடிந்து வந்தான். இரண்டு பேரையும் பார்த்தான். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். இவன் எப்போதுமே இப்படித்தான் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மருந்து ஊற்றிய வேகத்தில் செல் கொஞ்ச நாள் அடங்கியது. அய்யாதுரையிடம் கெஞ்சி ஒரே ஒரு கட்டு வாங்கி உருட்டினாள். செங்கல் அடுக்கி, அதன் மேல் பலகை போட்டு, பலகை மேல் சாக்கை வைத்தாள். ஒரு காலையில் செங்கலின் மேல் மண் கோடு ஏறியிருந்தது. பலகையைத் தொட்டால் பொருபொருவென்று உதிர்ந்தது. அவள் அழவில்லை. அடுப்பில் சோற்றுக்காக உலை கொதித்துக்கொண்டிருந்தது. பானையை அப்படியே துணியால் பிடித்துத் தூக்கினாள். சந்துக்குள் ஒருக்களித்துப் போனாள். மஞ்சள் பூசிய புற்றின் வாயில் கவிழ்த்தாள்.

ஆவி அடங்கியதும் குனிந்து பார்த்தாள். மண் கரைந்து ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே காய்ந்துபோன பொந்துகள்தான் இருந்தன. ஒரு செல்கூட வெளியே வரவில்லை. அதைப் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி அவள் திரும்பியபோது சந்தின் மறுமுனையில் குருவம்மாள் நின்றாள்.

குருவம்மாள் ஏசியிருந்தால் பரவாயில்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் சரிந்த மண்ணைக் கையால் அள்ளி அணைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. குழாயடியில் பாண்டிச்செல்வி குடத்தை வைத்தால் அவள் தன் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நிற்பாள்.

புரட்டாசி பிறந்தது. ஒருநாள் முனியராஜ் வேலைக்கும் சினேகா பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு பாண்டிச்செல்வி வீட்டைக் கூட்டினாள். நடுவீட்டில், எந்தச் சுவரையும் ஒட்டாமல், தரை வெடிப்பிலிருந்து மண் ஒரு கட்டைவிரல் உயரத்துக்கு முளைத்து நின்றது. ஏறுவதற்குச் சுவர் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. துடைப்பக் கட்டையைத் திருப்பி அந்த இடத்தைத் தட்டினாள். டப்பென்று காலிப் பானை மாதிரிச் சத்தம் கேட்டது. நாலு சுவரோரமும் தட்டிப் பார்த்தாள். அங்கெல்லாம் கெட்டியாக இருந்தது. மறுபடி நடுவில் தட்டினாள். டப்.

குருவம்மாள் ஈசலைப் பற்றிச் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

அவள் யாரையும் கேட்கவில்லை. பின்பக்கம் கிடந்த கடப்பாறையை எடுத்து வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவீட்டில் ஓங்கிப் போட்டாள். சொந்த வீட்டின் தரையைக் குத்துவது முதல் குத்துக்குத்தான் சங்கடமாக இருந்தது. பிறகு கைக்கு வேகம் வந்தது. போட்டோவுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, அய்யாதுரை தராமல் போன பேப்பருக்கு ஒன்று. சிமெண்டுப் பாளம் பெயர்ந்து உள்ளே சரிந்தது.

அடியில் இருந்தது ஒரு மரத்தின் அடிக்கட்டை. மஞ்சணத்தி. வீடு கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் நின்ற மரம். வெட்டியது அவளுக்கு நினைவிருந்தது. தூரோடு தோண்டி எடுத்ததாகத்தான் நினைத்திருந்தாள். கட்டையைச் சுற்றித் தேனடை மாதிரி சாம்பல் நிறத்தில் அடை அடையாகக் கட்டி, அதில் செல் கொதித்துக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டுத் தெருப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். குருவம்மாளும் வந்து நின்றாள். பாண்டிச்செல்வி கடப்பாறையைப் பிடித்தபடி அவளைப் பார்த்தாள்.

"அக்கா, புத்துல இல்லக்கா. இங்கன இருக்கு."

குருவம்மாள் குழியை எட்டிப் பார்த்தாள். "நான் சொல்லத்தான் செஞ்சேன்."

"வெந்நி ஊத்துனது தப்புத்தான்."

"அத எங்கிட்டச் சொல்லாத. ஊத்துன எடத்துல போயிச் சொல்லு." சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

முனியராஜ் மத்தியானச் சோற்றுக்கு வந்தபோது வாசலில் சிமெண்டுச் சில்லுகள் குவிந்து கிடந்தன. உள்ளே வந்து குழியைப் பார்த்தான். அவன் திடுக்கிடவில்லை. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"ஒங்களுக்குத் தெரியும்."

அவன் பின்கழுத்தைச் சொறிந்தான். "கொத்தனாரு சொன்னாரு. தூரத் தோண்டுனா வேல பிந்தும், மேல மண்ணடிச்சுருவோம், மக்கிரும்னாரு. நல்ல நாள்ல பேஸ்மட்டம் எழுப்பணும்னு நீயுந்தான அவசரப்பட்ட."

"சரி, அன்னைக்குச் சொல்லல. இம்புட்டு நாளும் நான் ஆயிலும் மருந்துமா அலைஞ்சனே, அப்பவும் ஞாபகம் வரலையா?"

"வந்துச்சு." குரல் இறங்கியது. "சொன்னா தரைய ஒடைக்கணும்ப. அது வேற எதுக்குன்னு..."

"அதுக்கு அக்காகூட என்னைய மல்லுக்கட்ட விட்டீகளாக்கும். நீங்க பாத்துக்கிட்டு, துண்ட எடுத்துக்கிட்டுப் போனீக."

சோறு வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. அவனே போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அண்ணனைக் கூட்டி வந்தான். ஊர்க்காவலனும் அவனும் சேர்ந்து பொழுது சாயும் வரைக்கும் தோண்டினார்கள். கட்டை உள்ளே உளுத்துப்போயிருந்ததால் துண்டு துண்டாகத்தான் வந்தது. அடியில் உள்ளங்கை அகல மண் கூட்டுக்குள், விரல் தண்டி வெள்ளையாக ஒன்று நகர முடியாமல் கிடந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சினேகா அதைக் குனிந்து பார்த்து, "இதுதாம்மா ராணி. இது ஒண்ணுதான் அம்புட்டு முட்டையும் போடுமாம்" என்றாள். பாண்டிச்செல்விக்கு அதன் மேல் ஏனோ கோபம் வரவில்லை. கோபமெல்லாம் குழிக்குள் நின்று மண் அள்ளிக்கொண்டிருந்த ஆளின் மேல்தான் இருந்தது.

கட்டையை ஊருக்கு வெளியே கொண்டுபோய் எரித்தார்கள். ஜெயச்சந்திரன் திரும்ப வந்து குழியில் மருந்து ஊற்றினான். புற்றைப் பற்றித் தான் சொன்ன பேச்சை அவன் எடுக்கவே இல்லை. மணல் நிரப்பி, திமிசுக்கட்டையால் இடித்து, புதுத் தரை பூசினார்கள். அது இறுகுகிற வரைக்கும் சமையலும் படுக்கையும் வாசலில், தார்ப்பாய்க்குக் கீழே. மழையும் விடவில்லை. சினேகாவுக்குச் சளி பிடித்தது. அரித்துப்போன நிலைக்குப் பதிலாக மறுபடி மரம் பார்க்கலாம், தேக்கு என்றால் செல் தொடாதாம் என்று முனியராஜ் சொன்னான். பாண்டிச்செல்வி திருத்தங்கல் போய், சிமெண்டில் வார்த்த நிலைக்குச் சொல்லிவிட்டு வந்தாள். தகரக் கதவு. பார்க்க லட்சணமாக இல்லை என்று தெருவில் சொன்னார்கள். இல்லைதான்.

தெருவே பார்க்க, வெள்ளிக்கிழமை காலையில் சந்துக்குள் போய்ச் சரிந்த மண்ணைப் பிசைந்து அணைத்து, மஞ்சள் தடவினாள். செம்பில் கொண்டுபோன பாலை ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். சாமியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வெந்நீருக்கு மன்னிப்புக் கேட்டாள், அதோடு வந்துவிட்டாள். குருவம்மாள் தன் ஜன்னலிலிருந்து பார்த்தது தெரியும். நாலைந்து நாள் கழித்து, "ஏ செல்வி, குழாயில தண்ணி வருது" என்றாள். ஆனால் புதுத் தரையைப் பார்க்க வீட்டுக்குள் வரவில்லை.

அய்யாதுரை மறுபடி பேப்பர் இறக்கினான். தீபாவளி நெருங்கிவிட்டதால் பாதிக் கட்டுதான் கொடுத்தான். அவள் புதுத் தரையில் உட்கார்ந்து உருட்ட ஆரம்பித்தாள். முனியராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பசைச் சட்டியை அவளுக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தான்.

"இன்னும் என்ன கோவம்? அதான் எல்லாம் முடிஞ்சு போச்சுல்ல."

"எனக்கு முடியல" என்றாள் பாண்டிச்செல்வி. "வேற எதுவும் பொதைச்சு வச்சிருந்தா இப்பவே சொல்லிப்புடுங்க."

அவன் சிரிக்கலாமா என்று பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவனும் ஒரு கம்பியை எடுத்தான். பேப்பரைக் கோணலாகச் சுற்றினான். அவள் அதைப் பிடுங்கிப் பிரித்து, நேராக்கி, மறுபடி அவன் கையில் கொடுத்தாள்.