எதிர்ச்சாரியில் விழுந்த தடை

“நீங்க என்ன பெரிய தியாகியா? கேக்குறேன்ல, சொல்லுங்க!”

மாடி வக்கீல் ஆபீசில் வெர்னா போட்ட சத்தம், கீழே சலூன் நாற்காலியில் நுரைமுகத்தோடு சாய்ந்திருந்தவருக்கும் கேட்டது. முடிவெட்டுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டு ரேடியோவைக் குறைத்தார். பிரிஸ்டலில் காதுகூர்மை இல்லாதவர்கள் அந்தத் தொழிலுக்கு வருவதில்லை.

“மெதுவாப் பேசு” என்றார் கணவர் கார்னெட்.

“ஏன், ஊருக்குத் தெரியாத சங்கதியா?”

தெரிந்ததுதான். ஸ்டேட் தெருவின் நட்டநடுவே மாநில எல்லை ஓடுகிறது. இந்தச் சாரி வர்ஜீனியா, எதிர்ச்சாரி டென்னசி. கார்னெட்டுக்கு இரண்டிலும் வக்கீல் உரிமம். ஆபீசில் கூட வேலை பார்க்கும் மருமகன் ட்ரென்ட், டென்னசி கோர்ட்டில் போடவேண்டிய ஒரு விதவையின் விபத்து வழக்கைக் கெடுவுக்குள் போடாமல் மீன்பிடிக்கப் போய்விட்டான். வழக்கு செத்தது. விசாரணை வந்ததும் கார்னெட், தவறு தன்னுடையதுதான் என்று எழுதிக்கொடுத்தார். டென்னசியில் வக்கீல் தொழில் செய்ய இரண்டு வருஷத் தடை. அங்கே அவருக்கு வழக்கே அபூர்வம். பிழைப்பெல்லாம் இந்தச் சாரியில். தெருவைத் தாண்டி என்ன வந்துவிடும் என்று நினைத்தார். அத்தனை வருஷம் சட்டம் படித்தவர் நினைத்த நினைப்பு!

வந்துவிட்டது. அங்கே விழுந்த தண்டனையை இங்கேயும் ஏன் விதிக்கக்கூடாது என்று வர்ஜீனியா வக்கீல் சங்கம் கேட்டிருந்தது. விசாரணை மறுநாள்.

“நாளைக்காவது உண்மையச் சொல்லுங்க.”

“அங்க முடிஞ்சத இங்க மறுபடி தொறக்க மாட்டாங்க, வெர்னா. நானா ஒத்துக்கிட்டது. இப்ப மாத்திச் சொன்னா, அங்க பொய் சொன்னேன்னு ஆயிடும். உரிமமே போயிடும். ட்ரென்ட்டோடதும் போயிடும்.”

“போகட்டுமே! மீனு பிடிச்சுப் பொழைக்கட்டும்!”

“மிஸ்ஸிக்கு இது ஏழாம் மாசம்.”

மகள் பேரைக் கேட்டதும் வெர்னா அடங்கினாள்.

மறுநாள் விசாரணைக் கூடத்தின் பின்வரிசையில் வெர்னா மகளுக்கும் மருமகனுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். மருமகன் புது டை கட்டிக்கொண்டு தன் ஷூவையே ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“அங்க உங்க தரப்பச் சொல்ல வாய்ப்புக் குடுத்தாங்களா?” என்று கார்னெட்டைக் கேட்டார் விசாரணை அதிகாரி.

“குடுத்தாங்க.”

“இது உங்க வாக்குமூலந்தானே?”

“ஆமா.”

வெர்னா பாதி எழுந்தாள். மிஸ்ஸி அவள் கையைப் பிடித்தாள். உட்கார்ந்துவிட்டாள். இங்கேயும் அதே தடை விழுந்தது.

அதன்பிறகு காலை ஓட்டலில் கார்னெட்டின் பிஸ்கட் ரொட்டியும் கிரேவிக் குழம்பும் ஆறவே இல்லை. முன்பெல்லாம் ஊரார் சட்டச் சந்தேகம் கேட்டே ஆறவைத்துவிடுவார்கள். ஒருநாள் பக்கத்து மேஜை ஹோமர் மட்டும் பழக்கதோஷத்தில் வேலித் தகராறை எடுத்தார்.

“என்னைக் கேக்கக்கூடாது, ஹோமர்” என்றவர், சூடாக இருந்த தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

பேரன் நடக்கத் தொடங்கியபோது ட்ரென்ட் விவாகரத்துக் கேட்டான்.

“அப்பா, எனக்காக நீங்களே வந்து பேசுங்களேன்” என்றாள் மிஸ்ஸி.

“தடை இன்னும் முடியலம்மா. எந்தச் சாரியிலயும் நான் பேச முடியாது.”

யாரோ ஒரு வக்கீல் வந்து அவளுக்காக அரைமனதாக வாதாடினார். கார்னெட் பின்வரிசையில் வெர்னாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒருமுறை பாதி எழுந்தார். வெர்னா கையைப் பிடித்தாள்.

தடை முடிந்தும் கார்னெட் உரிமத்தைத் திரும்பக் கேட்கவில்லை. ட்ரென்ட் மாசுமறுவற்ற உரிமத்தோடு நாக்ஸ்வில்லுக்குப் போய், அங்கே ஒரு பல் டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டான். மிஸ்ஸி பையனைக் கூட்டிக்கொண்டு ஒஹாயோவுக்குக் குடிபோனாள்.