அவன் ஊதும் இடம்

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முனீஸ்வரி மறுபடியும் முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தில் தங்கப்பாண்டியின் முகம் தெரிந்தது. மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. மேலுதட்டின் நடுவில் டிரம்பெட்டை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன தழும்பு மட்டும் நேற்று இருந்தபடியே இருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் மூக்கைப் பற்றி, நிறத்தைப் பற்றி, ஒரு பிள்ளைகூட இல்லாமல் போனதைப் பற்றியெல்லாம் சொல்லி அழுதார்கள். தழும்பைப் பற்றி ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அது எப்படி வந்தது என்று கீழக்குயில்குடியில் தெரியாதவர்களும் இல்லை.

முந்தின நாள் காலை கோச்சடை வாடகை வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு, "நெஞ்சு கரிக்குது, வாய்வா இருக்கும்" என்று ஒரு சோடா குடித்தான். ஒத்தக்கடையில் அவன் வேலை பார்த்த பைக் சர்வீஸ் கடைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. ராத்திரியே அவனைச் சொந்த ஊருக்கு, அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வாய்வு என்று நினைத்துச் செத்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர். முப்பத்தாறு வயதில் தன் புருஷனும் அந்த வரிசையில் போய் நிற்பான் என்று அவள் நினைத்ததில்லை. அந்த சோடா பாட்டிலை அவள்தான் திறந்து கொடுத்தாள்.

வெளியே கொட்டுக்காரர் தவசி ஒரு சுற்று அடித்து ஓய்ந்திருந்தார். டீ வந்திருக்கும். அந்த இடைவெளியில் தெருவில் லோடு ஆட்டோ ஒன்று திணறிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. முனீஸ்வரி வாசல் பக்கம் பார்த்தாள்.

விடிந்ததும் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். மாட்டுக்கொட்டத்துப் பக்கம் போய், தங்கப்பாண்டியோடு வாசிக்கிற ஜெயந்துக்குப் போன் போட்டு, "வாத்தியத்தோட வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

பாலிடெக்னிக் படிக்கும்போது தங்கப்பாண்டி டவுனில் ஒரு பேண்டு செட்டுக்காரரிடம் டிரம்பெட் கற்றுக்கொண்டான். ஒருநாள் அதைக் கையில் பிடித்தபடி ஊர்ப் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது, அவனுடைய அப்பா முத்திருளன் வாசலிலேயே நிறுத்தினார். "எழவு வீட்டுல ஊதுறத எம்மகன் ஊதுறதா? அந்தச் சத்தம் என் வாசல்ல கேக்கக் கூடாது." நிலத்தையும் சாதியையும் மீசையையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் சுமக்கிற மனிதர். தங்கப்பாண்டி சண்டை போடவில்லை. சரிப்பா என்றான். ஊதுவதையும் விடவில்லை. பொங்கலுக்கு வந்தாலும் திருவிழாவுக்கு வந்தாலும் டிரம்பெட்டை ஜெயந்த் வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவான். இத்தனை வருஷத்தில் மகன் ஊதி முத்திருளன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய பேண்டு, பித்தளைப் பட்டாளம் என்றால் மதுரைக் கல்லூரிகளில் கொஞ்சம் பேருக்காவது தெரியும். தங்கப்பாண்டியின் டிரம்பெட், ஜெயந்தின் சாக்ஸபோன், மதுவந்தியின் டிராம்போன், சூர்யபிரகாஷ் டிரம்ஸ், கிடாருக்கு இன்னும் இரண்டு பேர். ராக், ஃபங்க், நையாண்டி மேளம், கல்யாண வீட்டுக் குத்து எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவார்கள். கல்யாணமான புதிதில், "இது என்ன பாட்டுலதாங்க சேத்தி?" என்று முனீஸ்வரி கேட்டாள். "கறிதோசை மாதிரி. தோசையா கறியான்னு கேக்கப்படாது, சாப்புடணும்" என்றான். கோச்சடையில் வீட்டுக்காரம்மா சத்தம் போட்டதால், அவளுடைய பழைய மஞ்சள் சேலையைக் கிழித்து டிரம்பெட் வாய்க்குள் திணித்துக்கொண்டுதான் பழகுவான். போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். பைக்கில் போனால் சிக்னலில், டிரம்பெட்டின் பொத்தான்களை அழுத்துகிற அந்த மூன்று விரலும் பெட்ரோல் டாங்கின் மேல் பாட்டைத் தட்டும். தூக்கத்தில் அவள் தோளில் தட்டும். "என் தோளு என்ன ஒங்க வாத்தியமா?" என்று எத்தனையோ தடவை தள்ளிவிட்டிருக்கிறாள்.

வெளியே சத்தம் கூடியது.

"யாருய்யா ஒங்கள வரச் சொன்னது? கொட்டுதேன் சொல்லியாச்சுல்ல? வண்டியத் திருப்பு!" முத்திருளனின் தம்பி உக்கிரபாண்டியின் குரல் அது.

"அடியே, அந்தப் பொம்பளப்பிள்ள கையில இம்புட்டு நீளமா என்னடி அது?" என்று பெண்களில் ஒருத்தி அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

முனீஸ்வரி எழுந்தாள். "பொணத்த விட்டு எங்கத்தா போற?" என்று யாரோ கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டுப் பந்தலுக்கு வந்தாள். ஆட்டோவுக்குப் பக்கத்தில் ஜெயந்த் கறுப்புச் சட்டையில் நின்றான். மதுவந்தி டிராம்போனைக் குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு, கண் வீங்கி நின்றாள்.

"நாந்தேன் வரச் சொன்னேன், சின்ன மாமா."

உக்கிரபாண்டி அண்ணனைப் பார்த்தார். முத்திருளன் பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். நேற்றிலிருந்து அவர் அழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. முனீஸ்வரி அவர் காலடியில் போய் உட்கார்ந்தாள்.

"மாமா, அவரு ஒங்க பேச்ச மீறல. இந்த வாசலுக்கு அத ஒருநாளும் கொண்டாரல. இன்னைக்கி நாந்தேன் கொண்டாரச் சொன்னேன். வையிறதா இருந்தா என்னைய வையிங்க."

அவர் மடியில் கிடந்த துண்டை மடித்தார்.

"அவரு ஊதி நீங்க கேட்டதே இல்ல, மாமா."

"இனிமே கேட்டு என்னத்தா செய்ய?" என்றார். "ஊதுறவந்தேன் படுத்துட்டான்ல."

ஜெயந்த் பக்கத்தில் வந்து குனிந்தான். "ஐயா, ஒரே ஒரு பாட்டு. அண்ணன்தான் ஆரம்பிப்பார். ஒரு வரி ஊதுவார், கேள்வி கேக்கிற மாதிரி. அதுக்கு நாங்க ரெண்டு பேரும் பதில் ஊதுவோம். மறுபடி அவர், மறுபடி நாங்க. அப்படியே போகும்."

"அந்த ஒத்த வரிய இன்னைக்கி யாரு ஊதுறது?"

"யாரும் ஊத மாட்டோம் ஐயா. அந்த இடத்தை அப்படியே விட்டுருவோம்."

"நல்லாருக்குமா?"

"நல்லா இருக்காது" என்றான் ஜெயந்த். அதைச் சொல்லும்போது உதடு கோணிவிட்டது.

முத்திருளன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தெருவையும் கூடியிருந்த சொந்தக்காரர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "வாசல்ல வேணாம். சொன்னது சொன்னதுதேன். தெருமுக்குல நின்னு அடிச்சுக்கட்டும். முக்கோட சரி" என்றார். மகனே போய்ச் சேர்ந்துவிட்டான், இந்த மனிதர் இன்னும் வாசலுக்கும் முக்குக்கும் எல்லை போட்டுக்கொண்டிருக்கிறாரே என்று முனீஸ்வரிக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அதுவே அவள் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்தார்கள். அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடித் துணி வந்தது. வாய்க்கரிசி போடும்போது அந்தத் தழும்பின் மேல் இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டது. அவள் அதை விரலால் தள்ளிவிட்டாள். பாடையைத் தூக்கியதும் கொட்டு எழுந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். தெருமுக்கு வரைதான் பெண்கள் போகலாம். அதற்கு மேல் ஆண்களின் காரியம்.

முக்கில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பித்தளைப் பட்டாளம் காத்திருந்தது. கரண்டு இல்லாததால் கிடார்காரர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். சூர்யபிரகாஷ் ஒற்றை டிரம்மைக் கழுத்தில் மாட்டியிருந்தான். தொட்டியின் சிமெண்டுத் திண்டில் தங்கப்பாண்டியின் டிரம்பெட் திறந்த பெட்டிக்குள் கிடந்தது. வீட்டுக்காரம்மாவிடம் சாவி வாங்கி, கோச்சடை வீட்டிலிருந்து ஜெயந்த் எடுத்து வந்திருந்தான். அதன் வாயில் அவளுடைய மஞ்சள் சேலைத் துணி திணித்தபடியே இருந்தது. முந்தாநாள் பழகிவிட்டு எடுக்க மறந்திருக்கிறான்.

பாடையை இறக்கினார்கள். முத்திருளன் கை காட்ட, தவசி கொட்டை நிறுத்தினார். சூர்யபிரகாஷ் தாளத்தை எடுத்தான். துக்கத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத, காலை ஆட்டச் சொல்லுகிற துள்ளல் தாளம். உக்கிரபாண்டி முகத்தைச் சுளித்தார். ஜெயந்தும் மதுவந்தியும் வாத்தியத்தை உதட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஊதவில்லை.

தவசிக்கு அது பொறுக்கவில்லை. சாவு வீட்டில் சத்தம் அறுந்தால் கொட்டுக்காரருக்குக் குறை. அப்படித்தான் அவர் தொழில் படித்தவர். டவுன் பிள்ளைகள் அழுகையில் பாட்டை மறந்துவிட்டார்கள், பாவம், தூக்கிவிடுவோம் என்று நினைத்தார். நல்ல மனசோடுதான் செய்தார். குச்சியை ஓங்கி, அந்த வெற்றிடம் முழுக்க மடமடவென்று அடித்து நிரப்பிவிட்டார். இருந்த ஒரே இடமும் போச்சு என்று முனீஸ்வரி பல்லைக் கடித்தாள்.

சாக்ஸபோனும் டிராம்போனும் சேர்ந்து பதில் சொல்லின. கனமாக, கொஞ்சம் குறும்பாக, யாரையோ தோளில் கை போட்டுக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பதில் முடிந்தது. மறுபடி அந்த இடம் வந்தது. தவசி மறுபடி குச்சியை ஓங்கினார்.

"தவசி, அடிக்காதப்பா."

முத்திருளன் கையைத் தூக்கியிருந்தார்.

"அது எம்மகன் எடம்."

தவசி குச்சியை இறக்கினார். தோல் அதிராமல் இருக்க உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டார். சின்ன டிரம்மின் தாளம் மட்டும் நடந்தது. எங்கோ மெயின் ரோட்டில் பஸ் போனது. மலையடிவாரத்தில் மயில் ஒன்று கத்தியது. மற்றபடி அந்த இடம் காலியாக இருந்தது. முனீஸ்வரிக்கு மட்டும் அது முழுசாகக் கேட்டது. சேலைத் துணிக்குள்ளிருந்து வருகிற மாதிரி, அமுங்கி, ஒரு சுரம்கூடக் குறையாமல் கேட்டது. அவள் வாய்விட்டு அழுதாள்.

முத்திருளன் அவளிடம் வந்தார்.

"இந்த எடத்துல அவன் என்னத்தா ஊதுவான்?"

பாடிக் காட்ட வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. அவர் கையைப் பிடித்து, முழங்கைக்குக் கீழே மூன்று விரலை வைத்து, தன் தோளில் அவன் தட்டியபடியே தட்டினாள். ஒன்று, பிறகு இரண்டு சேர்ந்து, பிறகு மூன்றும். கிழவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் விரலை எடுத்த பிறகும் கையை மடக்கவில்லை.

"நேரமாகுதுண்ணே" என்றார் உக்கிரபாண்டி. பாடையைத் தூக்கினார்கள். ஆண்கள் குளத்தங்கரைப் பக்கம் திரும்பினார்கள். மதுவந்தி மட்டும் ஒரு கணம் தயங்கி முனீஸ்வரியைப் பார்த்தாள். பிறகு டிராம்போனைத் தூக்கிக்கொண்டு ஆண்களோடு நடந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

வீட்டு வாசலில் குளிப்பதற்குக் குடங்களில் தண்ணீர் நிறைத்து வைத்திருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். முனீஸ்வரி கையிலும் ஒரு குடத்தைக் கொடுத்தார்கள். மாமனார் முக்கோட சரி என்று சொல்லியிருந்தாரே, இந்நேரம் நிறுத்தியிருப்பார் என்று நினைத்தபடி குடத்தை இடுப்பில் வைத்தாள்.

குளத்தங்கரையிலிருந்து பதில் கேட்டது. சாக்ஸபோனும் டிராம்போனும். சுடுகாட்டுக்கு ரொம்பப் பக்கத்தில். அது முடிந்ததும் அவன் இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கொட்டும் கேட்கவில்லை.

"ஊத்துத்தா, ஏன் நிக்கிற?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"இருங்கத்தை" என்றாள் முனீஸ்வரி. அடுத்த பதில் வரும்வரை குடத்தைச் சாய்க்காமல் நின்றாள்.