பதினான்கு சாண் நூல்

இருமல் சத்தம் கேட்டாலே ஞானமேரி டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் அது. பன்றிக் காய்ச்சல் பயம் ஊரையே ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தது. காய்ச்சல் விட்டுப் பத்தாம் நாள் பள்ளிக்குத் திரும்பிய ஐந்தாம் வகுப்பு பாரதிப்ரியா இருமியதும், "முழுசா நின்னப்புறம் வா" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நாலு நாளாயிற்று. நாளைக்குக் காலாண்டுப் பரீட்சை. வகுப்பிலேயே கெட்டிக்காரி வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மதியம் அவளுடைய அம்மா அமிர்தம் காரைக்கால்மேட்டிலிருந்து வந்து நின்றாள். ஏலத்தில் எடுத்த மீனை விற்றுவிட்டு நேரே வந்த கோலம். இடுப்பிலிருந்து நைலான் நூல்சுருள் ஒன்றை எடுத்தாள், நெடுக முடிச்சு.

"மந்திரிச்ச கயிறெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வேணாம்மா," என்றார் டீச்சர் வெடுக்கென்று.

அமிர்தத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மந்திரமெல்லாம் இல்லீங்க டீச்சர், வலை பின்ற நூலு. ஒரு நாளுக்கு ஒரு சாண். எத்தன தடவ இருமுனாளோ அத்தன முடிச்சு. பேப்பர்ல எழுதுனா ஈரக்கையில ஊறிப்போவுது. நான் ஏலத்துக்குப் போனா பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா போடும்."

மேசைமேல் நூலை நீட்டினாள். முதல் மூன்று சாணில் சிவப்புத் துணி: காய்ச்சல் அடித்த நாட்கள். ஐந்தாவதில் விரல் வைக்க இடமில்லாமல் முடிச்சுகள். பத்தாவதில் இடைவெளி விட்டிருந்தது. பதினான்காவதில் மூன்றே மூன்று.

"காய்ச்சல் நாலு நாள்ல விட்டுரும், மூக்கு ஒரு வாரம் பத்து நாள் ஒழுகும், இருமல் ரெண்டு மூணு வாரங்கூட இழுக்கும்னு டாக்டர் சொன்னாருங்க. குறைஞ்சுகிட்டே வருதான்னு பாரு, திரும்பக் காய்ச்சல் வந்தாலோ மூச்சு வாங்குனாலோ ஓடியாந்துருன்னாரு. ரெண்டும் வரல. முழுசா நிக்கிற வரைக்கும்னா பரீட்சையே முடிஞ்சுருமே டீச்சர்."

ஞானமேரி நூலைத் தடவிக்கொண்டே போனார். இத்தனை படித்த தமக்கு ஒரு தேதியைக் குறித்து வைக்கத் தோன்றவில்லை. விடியுமுன் ஏலத்துக்கு ஓடுகிறவள் ஓர் இருமலைக்கூட விடவில்லை. எப்பேர்ப்பட்ட பொம்பளை! டீச்சருக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலவும் இருந்தது.

"நாளைக்கு அனுப்புங்க."

"அப்ப நூலு உங்ககிட்ட இருக்கட்டும். பகல்ல இங்கதானே இருப்பா."

மறுநாள் பரீட்சை நடுவில் பாரதிப்ரியா இருமினாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவள் பேனாவை வைத்துவிட்டு, பையை எடுக்கக் குனிந்தாள்.

"பதினஞ்சாம் நாளு. நீ எழுதும்மா," என்ற ஞானமேரி, மேசை இழுப்பறையைத் திறந்து நூலை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டார். மணி அடிக்கும்வரை இன்னொன்று போட வேண்டியிருக்கவில்லை.