யோசேப்பின் அறைச் சுவிட்ச்

1

இக்கதை என் கற்பனையில் பிறந்ததன்று என்பதை முதலிலேயே பணிவுடன் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கின் டோஸ்ட்ருப்பில் ஒரு திருமண விருந்தில் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னது: எண்பத்தெட்டாம் ஆண்டு, பிரெடெரிசியாவில் ஒருவர் தம் அறையின் உடைந்த சுவிட்சைத் தொடாமல் மாதக்கணக்கில் இருட்டில் இருந்தாராம். அவரோ இலங்கையில் மின்வினைஞராக இருந்தவராம். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ வியப்பில் சோறு இறங்கவில்லை.

2

முதல் தொடக்கம்: 'பனி கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில் யோசேப்—'

(வேண்டாம். டென்மார்க் கதைகள் பனியில்தான் தொடங்கவேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: ஊரில் மின்வினைஞராக இருந்த யோசேப் இங்கே வீடு வீடாகச் சென்று சில்லறைத் திருத்த வேலைகள் செய்பவர். கதவு மாட்டுவார், சுவர்த்தட்டு பூட்டுவார், வர்ணம் அடிப்பார்.* மனைவி மேரிசெலின் மட்டக்களப்பில். அவரை அழைப்பதற்கான விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பதில் வரும்வரை இந்நாட்டின் ஒரு விதியையும் மீறுவதில்லை என்பது யோசேப்பின் விரதம்.

* இவற்றை எவரும் செய்யலாம். சுவருக்குள் ஓடும் மின்கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் தொட 'அவுட்டோரிசேசன்' எனும் அனுமதி வேண்டும். இக்குறிப்பு நீண்டுவிட்டதற்கு மன்னிக்கவும்.

3

கீழ்மாடியில் வசித்த செல்வரட்ணம், சமையலறைக்குப் புதுக்கம்பி ஒன்று இழுத்துத் தரும்படி கேட்டார். வெளியில் சொல்வதில்லை என்று வாக்கும் கொடுத்தார். யோசேப் மறுத்தார்.

"ஐசே, கரண்ட் அடிக்குமெண்டு பயப்பிடுற ஆக்களைக் கண்டிருக்கிறன். சட்டம் அடிக்குமெண்டு பயப்பிடுற ஆளை இப்பதான் பாக்கிறன்."

"அவள் வந்து சேரட்டும் அண்ணை. அதுவரைக்கும் ஒரு கம்பியும் தொடமாட்டன்."

அந்த வாரமே அவருடைய அறைச் சுவிட்ச் உடைந்தது. அதையும் அவர் தொடவில்லை. மெழுகுதிரி வாங்கினார்.

(இங்கே என் பாத்திரத்தின்மீது எனக்கே ஐயம் வந்தது. இவ்வளவு அஞ்சுபவர் இருப்பாரா? என் தகப்பனார் இந்நாட்டில் ஆளில்லாத வீதியிலும் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்பார். ஆகவே தொடர்கிறேன்.)

4

மெழுகுதிரியைக் கண்ட கட்டடப் பொறுப்பாளர் காரணம் கேட்டார். யோசேப் தம் அரைகுறை டேனிஷில், தமக்கு அனுமதி இல்லை என்றார். பொறுப்பாளர் சிரிக்கவில்லை. புதுக்கம்பிதான் கூடாது, இருக்கும் சுவிட்சை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, குடியிருப்பவரே மாற்றிக்கொள்ளலாம் என்றார். பிறகு, "உன் வீடுதானே" என்றார்.

யோசேப் அன்று பின்னேரம் வரை அந்த இரண்டு சொற்களோடு கட்டிலில் அமர்ந்திருந்தார். இந்நாட்டுச் சட்டத்துக்குள் தமக்கென்று ஒரு சுவர் இருப்பதை அவர் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

5

ஒன்று எனக்குத் தெரியும், யோசேப்புக்குத் தெரியாது. மனைவியை அழைக்கும் உரிமையும் அதே நாட்டின் சட்டத்தில் இருந்தது. தமிழரின் விண்ணப்பங்களைத் தொடாமல் வைக்கும்படி நீதி அமைச்சில் மேலிருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். பின்னாளில் சட்டம் அமைச்சின் படியேறிச் சென்று அவர்களையும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்டது. சுவிட்சுக்கும் அமைச்சுக்கும் ஒரே சட்டம் என்பதை நினைக்க இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. ஆனால் யோசேப்பிடம் இதை எப்படி— அவர் இன்னும் எண்பத்தெட்டில் இருக்கிறார்.

6

அவர் புதுச் சுவிட்சைப் பூட்டினார், மேரிசெலினின் உயரத்துக்கு— இல்லை, மன்னிக்கவும், பழைய இடத்திலேயே. இடம் மாற்றினால் விதிமீறல். மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தார். ஆனால் அழுத்தவில்லை. மெழுகுதிரியையே ஏற்றினார்.

"சட்டம் விட்டிட்டுது. இப்ப நீர்தான் விடுறீரில்லை," என்றார் செல்வரட்ணம்.

"முதல் தரம் லைற்றை அவள் போடட்டும்."

7

முடிவு ஒன்று: எண்பத்தொன்பதில் மேரிசெலின் வருகிறார்.

முடிவு இரண்டு: வரவில்லை. அதற்குள் அங்கே போரில்—

இரண்டையும் எழுத எனக்குத் துணிவில்லை, உரிமையும் இல்லை. வாசகரே, நீங்களோ இக்கதையில் இவ்வளவு நேரம் குடியிருந்தவர். புதுக்கம்பி எதையும் இழுக்க வேண்டாம். மின்சாரம் வந்துவிட்டது. மெழுகுதிரி அரைவாசிக்கு இறங்கியிருக்கிறது. கதவுக்கு இடப்பக்கம், உங்கள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் சுவிட்ச் இருக்கிறது.