நெடுநாள் நண்பருக்கு

"'எங்கள் நெடுநாள் நண்பர்களான ஐயாவுக்கும் அம்மாவுக்கும்'னு எழுதியிருக்கீங்க. அம்மா நான்தான். நாங்க பிரிஞ்சாச்சு. ஐயா எதுக்கும்மா இதுல?"

கேட்டவர் பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். சீருடையோடு வந்திருந்தார். நான் மேனேஜர் அம்மாவைப் பார்த்தேன்.

எங்கள் அறக்கட்டளை பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறது. நன்கொடையாளர் பட்டியலில் 'அழைப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. யாருக்குக் கடிதம் எப்படித் தொடங்க வேண்டும் என்பது அதில் இருக்கும். வக்கீலுக்கு 'மதிப்பிற்குரிய'. ஓய்வுபெற்ற டிரைவருக்கு 'அன்புள்ள அண்ணன்'. ஒருவருக்கு வெறும் 'வணக்கம்'. முன்பின் தெரியாதவர்கள் 'அன்புள்ள' போடலாமா என்று சண்டைக்கு வந்தவர் அவர். பத்து வருடம் விடாமல் தந்தவர்கள் 'நெடுநாள் நண்பர்'. இப்படி நாலாயிரத்துச் சொச்சம் கட்டங்கள். பத்தாவதைப் பாதியில் விட்ட எனக்கு அவற்றைச் சரிபார்ப்பதுதான் வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை என்றுதான் சேர்ந்தேன்.

"பிரிச்சிடலாம்" என்றார் மேனேஜர் அம்மா. "ஆனா வீட்டுக்கு ஒரு நன்கொடை நம்பர்தான். அது ஐயா பேர்ல இருக்கு. உங்களுக்குப் புது நம்பர் போடணும்."

"போட்டா?"

"'புதிய நண்பருக்கு'ன்னு லெட்டர் வரும். பத்து வருஷம் ஆனா மறுபடியும் நெடுநாள் ஆயிடுவீங்க."

"பதினாலு வருஷமா என் சம்பளத்துலேர்ந்து அனுப்பறேன். அவர் ஒரு ஸ்டாம்புகூட ஒட்டினதில்ல. அவர் நெடுநாள், நான் புதுசா?"

"சிஸ்டம் அப்படிம்மா."

"சிஸ்டமும் அவரோட அப்பா வீட்டுச் சொத்தா?"

மேனேஜர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தொலைபேசியை எடுத்தார். அது ஒலிக்கவில்லை.

போகும்போது எக்ஸ்ரே அம்மா என் மேசையருகே நின்றார். "நீதான எழுதற? என்னைப் புதுசுன்னு மட்டும் எழுதிடாத, கண்ணு. அந்த வீட்டுலேர்ந்து கட்டில் கேக்கல, பீரோ கேக்கல. இதைத்தான் கேக்கறேன்."

கோப்பை எடுத்துப் பார்த்தேன். பதினான்கு காசோலை நகல்கள். எல்லாவற்றிலும் அந்த அம்மாவின் கையெழுத்துதான்.

மறுநாள் மேனேஜர் அம்மா வங்கிக்குப் போயிருந்த நேரத்தில் பழைய எண்ணை எக்ஸ்ரே அம்மாவின் பெயருக்கு மாற்றினேன். ஐயாவை நீக்க மேனேஜர் அம்மாவின் கடவுச்சொல் வேண்டும். அதனால் ஐயாவுக்கு ஒரு புது எண் போட்டு ஓரமாக வைத்தேன். புது எண் போட்டால் வரவேற்புக் கடிதம் தானாகவே அச்சாகித் தபால் கட்டில் சேர்ந்துவிடும். அதை நான் மறந்துபோனேன்.

ஒன்பதாம் நாள் ஐயா வந்தார். பெயிண்ட் கடை வைத்திருப்பவர். நகக்கண்ணில் பச்சை ஒட்டியிருந்தது. சாவிக்கொத்தை மேசையில் போட்டுவிட்டுக் கடிதத்தை நீட்டினார்.

"'புதிய நண்பருக்கு, வருக வருக.' யாருங்க புதிய நண்பர்? பதினாலு வருஷமா என் பேர்ல பணம் வந்திருக்கு. கடையில பசங்க முன்னாடி பிரிச்சேன். ஒருத்தன் 'வாங்க புதுமாப்பிள்ளை'ங்கறான்."

மேனேஜர் அம்மா கணினியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "யார் மாத்தினது?"

"நான்தான் மேடம்."

"யாரைக் கேட்டு?"

வீட்டில் அம்மா 'வாயில என்ன பூட்டா?' என்பாள். அன்றும் பூட்டுத்தான்.

"உக்காந்து இப்பவே பழையபடி மாத்து. அப்புறமா உன்கிட்ட பேசிக்கறேன்."

உட்கார்ந்தேன். எண்ணை மாற்றும்போது எல்லாக் கட்டங்களையும் மறுபடி நிரப்பச் சொல்லும். முகவரி, தொலைபேசி எல்லாம் ஐயாவே சொன்னார், வேகமாக. அடுத்தது 'எந்தப் பணிக்காகத் தருகிறார்' என்ற கட்டம். அதை நானாக நிரப்பியிருக்கலாம். நிரப்பவில்லை.

"எதுக்காகக் குடுக்கறீங்க ஐயா?"

"என்னம்மா?"

"இங்க ஒரு கட்டம் இருக்கு. எந்த வேலைக்காகன்னு கேக்குது."

"இதென்ன கேள்வி? கண் ஆபரேஷனுக்கு. ஏழைபாழைங்களுக்கு."

என் விரல் விசைப்பலகை மேல் நின்றது. மேனேஜர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்க ஆபரேஷன் எதுவும் பண்றதில்லீங்களே" என்றார் மெதுவாக.

ஐயா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையில் இருந்த கடிதத்தைப் பிரித்து, 'வருக வருக'வுக்குக் கீழே இருந்ததைப் படிக்கத் தொடங்கினார். உதடு அசைந்தது. பார்வையில்லாதவர்களுக்குப் புத்தகம் வாசித்து அனுப்புவதைச் சொல்லும் இரண்டாவது பத்தியில் நின்றது. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.